ஹாக்வார்ட்ஸ் மாணவர்களின் கூம்புத் தொப்பி எங்கே போனது?

ஹாரி பாட்டர் கதையில் வரும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸில் மாணவர்கள் தொப்பி அணிகிறார்களா என்ற கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஹாக்வார்ட்ஸ் மாணவர்கள் தொப்பி அணிகிறார்கள். ஜே.கே.ரௌலிங்கின் நாவல்களில் அது சீருடையின் ஒரு பகுதி. ஏழு பாகங்களில் எந்த இடத்திலும், எந்தத் தலைமை ஆசிரியரும் அதை நீக்கி உத்தரவு போடவில்லை. தொப்பி காணாமல் போனது திரைப்படங்களில்தான். படங்களை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் ஹாக்வார்ட்ஸ் மாணவர் வெள்ளைச் சட்டை, கோடு போட்ட டை, சாம்பல் நிற ஸ்வெட்டர், அதன்மேல் திறந்துகிடக்கும் கறுப்பு அங்கி, வெறும் தலை என்று இருக்கிறார். அந்த உருவத்தில் பெரும்பகுதி திரைப்பட ஆடை வடிவமைப்பாளர்கள் தந்தது.

1997இல் வெளிவந்த முதல் நாவலில், ஹாரிக்கு வரும் பள்ளிக் கடிதத்தோடு ஒரு பட்டியலும் இருக்கும். கறுப்பு நிறத்தில் சாதாரண அங்கிகள் மூன்று. பகலில் அணிய ஒரு கூம்புத் தொப்பி, அதுவும் கறுப்பு. டிராகன் தோலிலோ அதுபோன்ற வேறு தோலிலோ செய்த பாதுகாப்புக் கையுறை ஒரு ஜோடி. வெள்ளிக் கொக்கிகள் வைத்த கறுப்புக் குளிர்கால மேலங்கி ஒன்று. எல்லா உடைகளிலும் மாணவரின் பெயர் தைத்திருக்க வேண்டும். சீருடை என்ற தலைப்பில் இருப்பது இவ்வளவுதான். டை இல்லை, ஸ்வெட்டர் இல்லை, பாவாடை இல்லை, கால்சட்டை இல்லை. அங்கி என்றால் உடல் முழுவதையும் மூடும் அங்கி. ஐந்தாம் பாகத்தில், பின்னாளில் ஆசிரியராகும் ஸ்னேப்பை மாணவப் பருவத்தில் மந்திரத்தால் தலைகீழாகத் தொங்கவிடும்போது அங்கி சரிந்து வெளுத்த கால்களும் உள்ளாடையும் தெரிகின்றன. கால்சட்டைமேல் போர்த்திய அங்கியாக இருந்தால் அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

பட்டியலில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் சொல் ‘பகலில்’ என்பது. பட்டமளிப்பு விழாவுக்கென்று பெட்டியில் வைத்திருந்து ஆண்டுக்கொருமுறை எடுக்கும் தொப்பியாக அது சொல்லப்படவில்லை. காலையில் எழுந்து அங்கியை மாட்டும்போது கூடவே மாட்டிக்கொள்ள வேண்டிய பொருளாகத்தான் இருக்கிறது.

என் மகளுக்கு இரவில் இந்த நாவல்களைப் படித்துக் காட்டியபோது அவள்தான் இதை முதலில் கேட்டாள். படங்களை அவள் முன்பே பார்த்திருந்தாள். “இவங்க தொப்பி வாங்கினாங்களே, அது எங்கே?” என்பது அவளுடைய கேள்வி. பணம் கொடுத்து வாங்கிய பொருள் கதையில் எங்கேயாவது பயன்பட வேண்டும் என்பது குழந்தைகளின் நியாயம். அந்த நியாயத்தில் எனக்கும் முழு உடன்பாடு. அதனால் அதற்குப் பிறகு தொப்பி வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தோம்.

முதல் நல்ல சான்று இரண்டாம் பாகத்தில் கிடைத்தது. பறக்கும் காரில் வந்து மரத்தில் மோதிய ஹாரியும் அவன் நண்பன் ரானும் பெரிய மண்டபத்தின் ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கிறார்கள். அங்கே புது மாணவர்களை இல்லம் இல்லமாகப் பிரிக்கும் சடங்கு நடக்கிறது. பயந்து நடுங்கி வரிசையில் வரும் சிறுவர்களை, கறுப்புக் கூம்புத் தொப்பிகளின் காடு ஒன்றின் ஊடாகத்தான் ஹாரி காண்கிறான். அந்த வரியை மகள் திரும்பப் படிக்கச் சொன்னாள். காடு என்ற பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. பள்ளியே தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறது.

அதைவிட உறுதியான சான்று நான்காம் பாகத்தில். அக்டோபர் 30 மாலை. பிரெஞ்சுப் பள்ளியான பூபேட்டனிலிருந்தும் வடக்கேயிருந்து டர்ம்ஸ்ட்ராங்கிலிருந்தும் விருந்தினர்கள் வரப்போகிறார்கள். கோட்டை வாசலில் மாணவர்களை இல்லவாரியாக நிற்க வைத்துவிட்டு, ஆசிரியை மெக்கோனகல் வரிசையைச் சரிபார்க்கிறார். ரானிடம் தொப்பியை நேராக வைக்கச் சொல்கிறார். அடுத்த மூச்சில் பார்வதி பாட்டிலிடம் தலையில் இருக்கும் அந்த அபத்தத்தைக் கழற்றச் சொல்கிறார். பார்வதி முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னலின் நுனியிலிருந்து பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கழற்றுகிறாள்.

இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டி, காலை வழிபாட்டு வரிசையில் தலைமை ஆசிரியையின் பார்வைக்குக் கீழே நின்ற யாருக்கும் இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளி வரும் நாளில் ஆசிரியர்களுக்கு வரும் படபடப்பு, சின்ன மீறலாக ஒரு வண்ணத்துப்பூச்சியைச் செருகிக்கொண்டு வந்த பெண், வழக்கம்போல் எதையாவது கோணலாகப் போட்டிருக்கும் பையன் என எல்லாம் அப்படியே பள்ளி. இந்த இரண்டு அதட்டல்களால் நமக்குத் தெரிவது: நான்காம் ஆண்டிலும் தொப்பி நடைமுறையில் இருக்கிறது, அது நேராக இருக்க வேண்டும் என்பதில் பள்ளிக்கு அக்கறை இருக்கிறது, மாணவர்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு மறந்துவிடும் அளவுக்குப் பழகியிருக்கிறார்கள். ரான் தொப்பி இல்லாமல் வரவில்லை. கோணலாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். தினமும் அணிபவர்கள்தான் அப்படிக் கோணலாக வைப்பார்கள்.

ஐந்தாம் பாகத்தில் ரானின் அண்ணன்களான வீஸ்லி இரட்டையர்கள், போட்டுக்கொண்டால் தலையே மறைந்துபோகும் தொப்பியைச் சக மாணவர்களிடம் விற்கிறார்கள். அதுவும் கூம்புத் தொப்பிதான், இளஞ்சிவப்பு இறகு ஒன்று சேர்த்தது. விலை இரண்டு கேலியன். தொப்பியே போடாத பள்ளியில் இப்படி ஒரு வேடிக்கைச் சரக்கைச் செய்ய அந்த வியாபாரிகளுக்குத் தோன்றியிருக்காது.

எதிர்வாதமும் உண்டு, அதை மதிக்கிறேன். வகுப்பறை, நூலகம், நடைக்கூடம் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் தொப்பி பற்றிப் பேச்சே இல்லை. ஹாரி தலையைச் சொறிகிறான், முடியைக் கலைத்துக்கொள்கிறான், நெற்றித் தழும்பைத் தேய்க்கிறான். தொப்பி குறுக்கே வருவதாகத் தெரியவில்லை. அவனுடைய கலைந்த முடியும் ரானின் சிவப்பு முடியும் தோழி ஹெர்மயனியின் அடர்ந்த முடியும் எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. இதை வைத்து, தொப்பி விருந்துகளுக்கும் வரவேற்புகளுக்கும் மட்டுமே உரியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் பாதி ஏற்கிறேன். விருந்து, வரவேற்பு, வெளியாள் வருகை ஆகிய நேரங்களில் தொப்பி கட்டாயம் என்பதற்கு எழுத்தில் சான்று இருக்கிறது. மற்ற நேரங்களில் பையிலோ மேசையிலோ கிடந்திருக்கும். ஆனால் ‘போடுவதே இல்லை’ என்று ஆகிவிடாது. கதை நம்மிடம் அவர்களுடைய காலணி பற்றியும் அதிகம் பேசுவதில்லை. முதல் ரயில் பயணத்தில் ரானின் அங்கி குட்டையாக இருந்ததால் கீழே காலணி தெரிந்தது என்று ஓரிடத்தில் வருகிறது. சீருடை கண்ணை உறுத்தும்போதுதான் எழுத்தில் வரும்.

இனி படங்களுக்கு வருவோம். கிறிஸ் கொலம்பஸ் இயக்கி 2001இல் வந்த முதல் படத்துக்கு ஆடை வடிவமைத்தவர் ஜூடியானா மகோவ்ஸ்கி. அதில் தொப்பி இருக்கிறது. ஆண்டு இறுதி விருந்தில் மாணவர்கள் கூம்புத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாரியின் இல்லமான கிரிஃபிண்டார் வென்றதும் அவற்றைக் கூரையை நோக்கி வீசியெறிகிறார்கள். மீண்டும் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காட்சியில் எனக்குக் கண் நிறைகிறது. அது வெற்றிக்காக மட்டும் இல்லை. வீசியெறிந்த தொப்பிகள் பிறகு திரும்பவே இல்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது.

2004இல் அல்ஃபோன்ஸோ குவாரோன் மூன்றாம் படத்தை எடுத்தார். ஆடைகளை ஜானி தெமிம் ஏற்றுக்கொண்டு கடைசிப் படம் வரை தொடர்ந்தார். மாணவர்களை அவரவர் இயல்புக்கு ஏற்பச் சீருடையை அணியவிட்டார்கள். டை தளர்ந்தது, சட்டை வெளியே வந்தது, வகுப்பு இல்லாத நேரத்தில் ஜீன்ஸும் குளிர்சட்டையும் வந்தன. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் முகத்தில் அந்தப் படம் பிடித்த உண்மையை நான் மிகவும் மதிக்கிறேன். எட்டுப் படங்களில் எனக்குப் பிடித்ததும் அதுதான். திரைக்கலையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பி நெற்றியில் நிழல் போடும். நெற்றித் தழும்புதான் கதாநாயகனின் அடையாளம். நானூறு கூம்புகள் இருக்கும் மண்டபத்தில் பின்வரிசை முகம் ஒன்றும் தெரியாது. துடைப்பத்தில் பறக்கும்போது தொப்பி நிற்காது. இவையெல்லாம் என் கணிப்புகள்தான், ஆனால் கேமரா வைத்து யோசிக்கும் யாருக்கும் தோன்றக்கூடியவை.

என்றாலும் நான்காம் படத்தில் நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 2005இல் வந்த அந்தப் படத்தில் பூபேட்டன் மாணவிகள் நுழையும் காட்சி நினைவிருக்கும். வெளிர்நீல உடை, அதே நீலத்தில் நுனி வளைந்த அழகான கம்பளித் தொப்பி. உலகம் முழுவதும் ரசிகைகள் இன்றும் அதைத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நாவலைத் திறந்து பாருங்கள். அதே இரவில் பூபேட்டன் மாணவர்கள் மெல்லிய பட்டு அங்கியில் மேலங்கி இல்லாமல் வந்து குளிரில் நடுங்குகிறார்கள். சிலர் தலையில் துண்டும் சால்வையும் சுற்றியிருக்கிறார்கள். அவர்களை வரவேற்க நேராக்கிய தொப்பியோடு நிற்பவர்கள் ஹாக்வார்ட்ஸ் பிள்ளைகள். படம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. தொப்பி வந்தவர்களுக்குப் போனது. வரவேற்றவர்கள் வெறும் தலையோடு நின்றார்கள். கேமராவுக்குத் தொப்பி ஒத்துவராது என்ற காரணம் இந்த இடத்தில் செல்லாது. தொப்பியை எப்படி அழகாகக் காட்டுவது என்று அந்தக் குழுவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இன்னொரு மாற்றமும் மெல்ல நடந்தது. படங்களில் மேகி ஸ்மித்தின் மெக்கோனகல் பல காட்சிகளில் கூம்புத் தொப்பியோடு வருகிறார். அதனால் பார்வையாளர் மனத்தில் தொப்பி ஆசிரியர்களுக்கு உரியதாக, அதிகாரத்தின் சின்னமாகப் பதிந்துவிட்டது. நாவலில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. பதினொரு வயதுச் சிறுவனும் நூறு வயதைத் தாண்டிய தலைமை ஆசிரியரும் ஒரே வடிவத் தொப்பியைத்தான் போடுகிறார்கள். தாவரவியல் ஆசிரியை ஸ்ப்ரவுட்டின் தொப்பியில் ஒட்டுப் போட்டிருக்கும். ஆசிரியர் லாக்ஹார்ட் தோட்டத்துக்குக்கூட தங்கக் கரை வைத்த நீலப்பச்சைத் தொப்பியில் வருவார். ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் பாட்டி போடும் தொப்பியில் பாடம் செய்த பிணந்தின்னிக் கழுகு உட்கார்ந்திருக்கும். அந்தத் தொப்பியைக் கற்பனையில் ஸ்னேப்பின் தலையில் வைத்துத்தான், தான் உலகத்தில் மிக அதிகமாகப் பயந்த ஆசிரியரைப் பார்த்து நெவில் முதன்முறையாகச் சிரிக்கிறான். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் விருந்தில் பட்டாசுக் குழல் ஒன்றை ஸ்னேப் இழுக்க, உள்ளிருந்து கழுகு வைத்த தொப்பியே வந்து விழுகிறது. தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் தன் தொப்பியைக் கழற்றிவிட்டு உடனே அதை எடுத்து மாட்டிக்கொள்கிறார். எல்லாரும் தொப்பி போடும் உலகத்தில்தான் இந்தச் சிரிப்பு வேலை செய்யும்.

இத்தனையும் சொன்னாலும், எனக்குத் தொப்பிமேல் இவ்வளவு பற்று வரக் காரணம் இவை எதுவும் இல்லை. காரணம், புது மாணவரின் தலையில் உட்கார்ந்து அவருக்கு எந்த இல்லம் என்று சொல்லும் அந்தப் பழைய தொப்பி.

படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒரு மந்திர விசித்திரம். தொப்பியே இல்லாத பள்ளியில், ஆண்டுக்கு ஒருநாள் பேசும் தொப்பி ஒன்று முக்காலியில் வந்து உட்காருகிறது. ஓவியங்கள் நகர்வதுபோல, படிக்கட்டு திரும்புவதுபோல இன்னொரு அதிசயம், அவ்வளவே. நாவலில் அது அப்படி இல்லை. ஒட்டுப் போட்டு, நைந்து, அழுக்கேறிய அந்தத் தொப்பி மாணவர்கள் கடையில் வாங்கிவந்த அதே வடிவம். அது யாருடையது என்று நான்காம் பாகத்தில் தொப்பியே பாடுகிறது. பள்ளியை நிறுவிய நால்வரும் தாங்கள் இறந்தபின் மாணவர்களை யார் பிரிப்பது என்று கவலைப்பட்டபோது, கோட்ரிக் கிரிஃபிண்டார் தன் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார். நால்வரும் அதற்குள் தங்கள் அறிவில் கொஞ்சம் வைத்தார்கள். ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆசிரியர் தினசரி போட்டுக்கொண்டிருந்த சாதாரணத் தொப்பி அது. இன்றைய மாணவரின் தலையில் இருப்பது அதன் கொள்ளுப்பேரன்.

இதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சடங்கின் பொருளே மாறிவிடுகிறது. ஹாரி தலையில் வைத்ததும் தொப்பி கண்வரை இறங்குகிறது. தன்னையே எட்டிப் பார்க்கும் கூட்டம் கடைசியாகத் தெரிகிறது, பிறகு கறுப்பு உட்புறம் மட்டும். அந்த இருட்டுக்குள் அவன் கெஞ்சுகிறான், தொப்பி கேட்டுக்கொள்கிறது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் அந்த இருட்டுக்குள் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவர்கள். அதே வடிவத்தை மறுநாளிலிருந்து தலையில் சுமப்பவர்கள். சீருடைத் தொப்பி இல்லையென்றால் இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது.

இரண்டாம் பாகத்தின் இறுதியில் பாதாள அறையில், பாம்புக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஹாரி அந்தத் தொப்பியைத் தலையில் மாட்டி உதவி கேட்கிறான். அதற்குள்ளிருந்து வாள் கிடைக்கிறது. ஏழாம் பாகத்தில் கொடிய மந்திரவாதி வால்டெமார்ட் அதே தொப்பியை வரவழைத்து, இனி ஹாக்வார்ட்ஸில் இல்லம் பிரிப்பது கிடையாது, ஸ்லிதரின் இல்லத்தின் சின்னமும் நிறமும் எல்லாருக்கும் போதும் என்று அறிவித்துவிட்டு, அசைய முடியாத நெவிலின் தலையில் வைத்து எரிக்கிறான். ஒரு கொடுங்கோலன் பள்ளியை வென்றதும் முதலில் எரிப்பது தொப்பியை! நெவில் கட்டை உடைத்துக்கொண்டு எரியும் தொப்பிக்குள்ளிருந்து வாளை உருவுகிறான். பாட்டியின் தொப்பியை நினைத்துச் சிரிக்கக் கற்றுக்கொண்ட அதே பையன். நாவலில் தொப்பி வரும் பாதையைத் தொடர்ந்து வந்தவருக்கு இந்தக் காட்சி தரும் உலுக்கல் வேறு.

கூம்பு வடிவத்துக்கு பிரிட்டிஷ் வகுப்பறையில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. பாடம் சொல்லத் தெரியாத பிள்ளையின் தலையில் காகிதக் கூம்பை வைத்து மூலையில் நிற்க வைப்பார்கள். விக்டோரியா காலப் பள்ளிகளில் வழங்கிய தண்டனை அது. மக்குப் பிள்ளை என்று அடையாளம் காட்டிய அதே வடிவம், இந்தக் கதையில் பள்ளி முழுவதற்கும் பொதுவாகிறது. ரௌலிங்கின் மனத்தில் இது இருந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. நெவில் போன்ற, வகுப்பில் எல்லாரும் மக்கு என்று நினைக்கும் ஒருவன் இருக்கும் கதையில், அவன் தலையில் இருப்பதும் முதல் மதிப்பெண் வாங்கும் ஹெர்மயனியின் தலையில் இருப்பதும் ஒன்றே என்பது எனக்கு முக்கியம்.

தொப்பி ‘பழைய காலத்தது, பிள்ளைகள் வெறுப்பார்கள்’ என்று சொல்பவர்கள் இங்கிலாந்தையே பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே பள்ளித் தொப்பி எங்கும் இருந்தது. அறுபதுகள், எழுபதுகளுக்குப் பிறகு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஈட்டன் பள்ளியின் உயரத் தொப்பி இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு போனது. ஆனால் ஹாரோ பள்ளியில் வைக்கோல் தொப்பி இன்றும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் தேர்வு எழுதக் கறுப்பு அங்கியும் அதற்குரிய உடையும் கட்டாயம். அதை விருப்பத்துக்கு விட்டுவிடலாமா என்று 2015இல் மாணவர்களே வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் முக்கால் பங்குக்கு மேல் கட்டாயமாகவே இருக்கட்டும் என்றார்கள். நூறாண்டுப் பழக்கம் ஒன்றைக் கேட்டுப் பார்க்காமல் பிள்ளைகள் சார்பில் நீக்கிவிடக் கூடாது.

2023இல் வந்த ஹாக்வார்ட்ஸ் லெகசி என்ற கணினி விளையாட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நடக்கிறது. அதில் நம் மாணவருக்கு வேண்டிய தொப்பியைத் தேர்ந்து மாட்டலாம், வேண்டாமென்றால் மறைத்துவிடலாம். என் மகள் மாட்டுகிறாள். விருப்பத்துக்கு விடும் இந்த வழியை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஒருவர் மட்டும் போடுவது அலங்காரம், எல்லாரும் போடுவதுதான் சீருடை.

இப்போது நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக மீண்டும் எடுக்கிறார்கள். 2025இல் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. ஒரு பாகத்துக்கு ஒரு பருவம் என்று நேரம் தாராளமாக இருக்கும் வடிவம் அது. ஒவ்வொரு காட்சியிலும் தொப்பி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் மேசைமேல் கிடக்கட்டும், மழையில் நனைந்து தொய்ந்து போகட்டும், ரானுடையது அண்ணன்மார் போட்டுத் தேய்ந்ததாக இருக்கட்டும். மூன்று இடங்களில் மட்டும் தலையில் இருந்தாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஜன்னல் வழியே தெரியும் அந்தக் காடு; நான்காம் ஆண்டில் வாசல் வரிசை, பார்வதியின் வண்ணத்துப்பூச்சி உட்பட; எல்லாவற்றுக்கும் முன்பு, முதல் ஆண்டு முதல் இரவில் முக்காலியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மூத்த மாணவர்கள் எல்லாரும்.